நாயோடு நடந்த இருபது ஞாயிறுகள்

கடந்த ஆண்டு ஜூலை மாதத்தில் ஓர் இரவு, ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் மகள் ஓர் ஒப்புதல் படிவத்தை என் முன் வைத்தாள். வங்கி அலுவலன் என்ற முறையில் நாள்தோறும் எத்தனையோ தாள்களில் கையொப்பமிடும் எனக்கு, அந்த ஒரு பக்கப் படிவத்தில் கையொப்பமிட இரண்டு நாள்கள் தேவைப்பட்டன. அவளும் அவளுடைய வகுப்பினர் பதினொரு பேரும் ஞாயிறுதோறும் காலையில், நாங்கள் வாழும் புனே நகரின் புறத்தே உள்ள ஒரு விலங்குக் காப்பகத்துக்குச் செல்வார்கள். அங்குள்ள நாய்களை நடைக்கு அழைத்துச் செல்வார்கள். அதனால் நாய்க்கும் மனிதருக்கும் விளையும் நன்மைகளைக் கண்டும் படித்தும் ஒரு குறிப்பேட்டில் எழுதுவார்கள். இதுவே அவர்கள் மேற்கொண்ட திட்டம்.

என் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 1990-ஆம் ஆண்டு, எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, நெல்லை மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரில் ஒரு தெருநாய் என் காலைக் கடித்துவிட்டது. அக்கால வழக்கப்படி கொப்பூழைச் சுற்றிப் பதினான்கு நாள்கள் ஊசி போட்டுக்கொண்டேன். அவ்வகைத் தடுப்பூசியின் தயாரிப்பும் பயன்பாடும் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டன. ஆயினும் எதிரில் நாய் வந்தால் சாலையின் மறுபுறம் செல்லும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. அந்த அச்சத்தை மகளுக்கும் சொத்தாகக் கொடுத்துவிடுவதா என்று எண்ணிய பின்னரே கையொப்பமிட்டேன். பெற்றோரில் ஒருவர் துணைக்கு வரலாம் என்று படிவத்தின் அடியில் இருந்த வரியிலும் என் பெயரை எழுதினேன்.

இத்தகைய பணிக்குப் பள்ளிக் கல்வியில் முறையான இடம் உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களுக்கு உடற்கல்வியின் ஒரு கூறாகச் 'சேவா' என்னும் பெயரில் சமூகப் பணியைச் சேர்த்துள்ளது. மரம் நடுவதும் முதியோர் இல்லங்களுக்குச் செல்வதும் பரவலாக நடைபெறுகின்றன. எங்கள் பிள்ளைகளின் குழு நாய்களைத் தேர்ந்தெடுத்தது.

கயிற்றைப் பிடிப்பதற்கு முன்

முதல் இரண்டு ஞாயிறுகளில் எவர் கையிலும் கயிறு கொடுக்கப்படவில்லை. காப்பகத்தை நடத்தும் பெண்மணி முதலில் கூண்டுகளுக்கு வெளியே பிள்ளைகளை அமரவைத்து நாய்களைக் கவனிக்கச் சொன்னார். மராட்டியில் அக்காவைத் 'தாயி' என்பர். பிள்ளைகள் அவரை அவ்வாறே அழைத்தனர்.

வாலாட்டும் நாயெல்லாம் நட்பு கொண்ட நாய் என்று நாம் எண்ணுகிறோம். அது பிழை என்பதே அவர் கற்பித்த முதல் பாடம். உடல் தளர்ந்து, வால் அகலமாக அசைந்தால் அது இணக்கத்தின் அறிகுறி. உடல் விறைத்து, வால் உயர்ந்து நின்று சிறிதாக அதிர்ந்தால் அது எச்சரிக்கை. காதுகளைப் பின்னுக்கு மடிப்பதும், உதட்டை மீண்டும் மீண்டும் நக்குவதும், உறக்கம் இல்லாத நேரத்தில் கொட்டாவி விடுவதும், முகத்தைத் திருப்பிக்கொள்வதும் 'எனக்கு அச்சமாக இருக்கிறது, விலகி நில்' என்று நாய் சொல்லும் வழிகள். இந்த அறிகுறிகளைப் பெரியவர்கள் பலரும் கவனிப்பதில்லை. சிறுவர்களுக்கு அவற்றைச் சொல்லிக் கொடுப்பவரும் இல்லை. என்னைக் கடித்த நாயும் கடிப்பதற்கு முன் ஏதேனும் சொல்லியிருக்கக்கூடும் என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு எனக்குத் தோன்றியது.

அறிமுகமில்லாத நாயின் தலைக்கு மேல் கையை நீட்டக் கூடாது. பக்கவாட்டில் நின்று, அது தானாக வந்து மோப்பம் பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உண்ணும் நாயையும் உறங்கும் நாயையும் குட்டிகளோடு இருக்கும் தாயையும் நெருங்கக் கூடாது. நாய் துரத்தினால் ஓடக் கூடாது. கைகளை உடலோடு சேர்த்து, அதன் கண்களை உற்று நோக்காமல், மரம்போல் அசையாது நிற்க வேண்டும். நடைக்கயிற்றைக் கையில் சுற்றிக் கட்டிக்கொள்ளக் கூடாது. நாய் திடீரென்று இழுத்தால் விரல்கள் காயப்படும். வெயில் ஏறிய பின் தார்ச்சாலையில் நடத்தக் கூடாது. புறங்கையைச் சாலையின்மீது ஏழு நொடிகள் வைத்துப் பார்த்தால் போதும்; நம் கைக்குத் தாங்காத சூடு நாயின் பாதத்துக்கும் தாங்காது.

பாதுகாப்பு ஏற்பாடுகளும் செய்யப்பட்டன. நடைக்கு வரும் நாய்கள் அனைத்தும் தடுப்பூசி போடப்பட்டவை. மருத்துவரின் ஆலோசனைப்படி பிள்ளைகளுக்கும் ரேபிஸ் தடுப்பூசி முன்கூட்டியே போடப்பட்டது. ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு பிள்ளைகள், நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது ஒழுங்கு. தெருநாய்களுக்குத் தாமாகவே கயிறு கட்ட முயலக் கூடாது என்பது மீறலாகாத விதி.

கடித்துவிட்டால் என்ன செய்வது?

பிள்ளைகளின் குறிப்பேட்டில் முதற்பக்கம் இதற்கே ஒதுக்கப்பட்டது. ரேபிஸ் நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் உயிரைக் காப்பது ஏறத்தாழ இயலாது. ஆனால் கடிபட்டவுடன் முறையாகச் செயற்பட்டால் நோயை முற்றிலும் தடுக்க இயலும். ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடங்கள் காயத்தைக் கழுவ வேண்டும். மிளகாய்த்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் அப்பக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தோலில் செலுத்தும் முறையில் முதல் நாள், அதன்பின் 3, 7, 28-ஆம் நாள்கள் என நான்கு முறை கையில் ஊசி போடப்படும். காயத்திலிருந்து குருதி வந்திருந்தால், தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரதத்தையும் காயத்தைச் சுற்றிச் செலுத்துவர். 'சிறு கீறல்தானே' என்று விட்டுவிடுவதும், இரண்டு ஊசிகளோடு நிறுத்திக்கொள்வதும், அடி விழும் என்று பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் மறைப்பதுமே பெருங்கேடு. ஆகவே, கடிபட்ட பிள்ளையை எக்காரணம் கொண்டும் முதலில் கடிந்துகொள்ளாதீர்கள்.

நாய்க்குக் கிடைப்பது

காப்பகத்தில் வாழும் நாய்க்கு உணவும் மருந்தும் கிடைக்கின்றன. கிடைக்காதது அமைதி. நாள் முழுவதும் குரைப்பொலி, அடைத்த இடம், மாறிக்கொண்டே இருக்கும் முகங்கள். அமெரிக்காவில் ஐந்து காப்பகங்களைச் சேர்ந்த 207 நாய்களை வைத்து நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நாய்கள் ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைக்கப்பட்டன. அந்நாள்களில், மன அழுத்தத்தின் அளவுகோலாகிய கார்ட்டிசால் என்னும் இயக்குநீர் அவற்றின் உடலில் குறைந்தது. காப்பகத்துக்குத் திரும்பியதும் பழைய அளவுக்கு வந்தது. மீண்டும் வந்து அடைபட்டதால் அவற்றின் அழுத்தம் முன்பைவிடக் கூடவில்லை என்பது ஆறுதல் தரும் செய்தி. ஓய்வு சிறிதாயினும் ஓய்வே.

நடை என்பது நாய்க்குக் கால்களின் பயிற்சி மட்டுமன்று. மனிதரின் மூக்கில் சுமார் 60 இலட்சம் மோப்ப உணர்விகள் உள்ளன என்றால், நாயின் மூக்கில் அவை இருபது கோடிக்கும் மேல். ஒரு மின்கம்பத்தின் அடியில் நின்று மோப்பம் பிடிக்கும் நாய், அவ்வழியே சென்றவை எவை, எப்போது சென்றன என்று படித்தறிகிறது. அதைக் கயிற்றால் இழுத்து விரைவுபடுத்துவது, செய்தித்தாள் படிப்பவரின் கையிலிருந்து தாளைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும். தொடக்கத்தில் எங்கள் பிள்ளைகள் எவ்வளவு தொலைவு நடந்தோம் என்று எண்ணினார்கள். ஐந்தாம் வாரம் முதல் எத்தனை முறை நின்றோம் என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்கள்.

நடப்பவருக்குக் கிடைப்பது

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்களும், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்களும் உடலை இயக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கிறது. இதை அறியாதவர் குறைவு. கடைப்பிடிப்பவர் அதனினும் குறைவு. தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்குவது எளிது, தவணை தவறாமல் கட்டுவதே கடினம் என்பதை வங்கியில் நாள்தோறும் காண்கிறோம். உடற்பயிற்சியும் அத்தகையதே. நமக்காக எழ மனமில்லாத காலையிலும், நமக்காக ஓர் உயிர் காத்திருக்கிறது என்றால் எழுந்துவிடுகிறோம்.

அமெரிக்காவின் மிசௌரிப் பல்கலைக்கழகத்தார் முதியோரைக் கொண்டு இதைச் சோதித்தனர். ஒரு குழுவினர் காப்பக நாய்களோடும் மற்றொரு குழுவினர் மனிதத் துணையோடும் 12 வாரங்கள் நடந்தனர். நாய்களோடு நடந்தவர்களின் நடைவேகம் 28 விழுக்காடு கூடியது. மற்றவர்களுக்கு 4 விழுக்காடே கூடியது. மனிதத் துணையோடு சென்றவர்கள் 'இன்று வெயில், இன்று வேண்டாம்' என்று ஒருவருக்கொருவர் விடுப்புக் கொடுத்துக்கொண்டனர். நாய் அவ்வாறு விடுப்புக் கொடுப்பதில்லை. சிறிய குழுவில் நடந்த ஆய்வுதான். எனினும் காலை நடைக்கு நண்பரோடு கிளம்பித் தேநீர்க் கடையில் அமர்ந்துவிடும் நமக்கு அதன் பொருள் நன்கு விளங்கும்.

மனத்துக்கும் நன்மை உண்டு. வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் நடத்தி 2019-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து நிமிடங்கள் நாய், பூனைகளைத் தடவிக்கொடுத்த மாணவர்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவு குறைந்திருந்தது. நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் அன்போடு நோக்கும்போது, தாய்க்கும் சேய்க்கும் இடையே பிணைப்பை வளர்க்கும் ஆக்சிடோசின் இருவர் உடலிலும் கூடுவதை 2015-இல் ஜப்பானிய அறிஞர்கள் கண்டறிந்தனர்.

மூன்றாவது நன்மையை நானே உணர்ந்தேன். நாயோடு செல்பவரிடம் அறிமுகமில்லாதவர்களும் நின்று பேசுகிறார்கள் என்பது இங்கிலாந்தில் நடந்த ஆய்வொன்று காட்டிய முடிவு. புனேக்கு வந்த இரண்டு ஆண்டுகளில் எங்கள் குடியிருப்புக்கு வெளியே என் மராட்டியைக் கேட்டவர் எவரும் இல்லை. காப்பகச் சாலையில் பால்காரரும், காய்கறி விற்கும் மூதாட்டியும், காவலரும் நாயின் பெயரைக் கேட்டு, வயதைக் கேட்டு, இறுதியில் என் ஊரையும் கேட்டார்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. நாய் வளர்ப்போருக்கு இதயநோய் இடர் குறைவாக இருக்கக்கூடும் என்று 2013-இல் கூறிய அமெரிக்க இதயநலச் சங்கம், அந்த ஒரு நோக்கத்துக்காகவே விலங்கை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்றும் கூறியது. அது ஏன் என்பதை எனக்கு விளக்கியது ஷேரு.

'உட்கார்'

ஷேரு ஏழு அல்லது எட்டு வயதுள்ள பழுப்புநிற நாய். எங்கள் மகளுக்கும் அவளுடைய தோழிக்கும் ஒதுக்கப்பட்டது. கடிக்காது, குரைக்காது, எதற்கும் செவிசாய்க்கவும் செய்யாது. தாயி மராட்டியில் சொன்னார். உதவியாளர் இந்தியில் சொன்னார். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். அது கூண்டின் மூலையைப் பார்த்தபடியே நின்றது. காது கேளாத நாய் என்றே அதன் பதிவேட்டில் ஐயக்குறியோடு எழுதப்பட்டிருந்தது.

நான்காம் ஞாயிறு, கழுத்துப்பட்டையைப் பூட்ட இயலாமல் சலிப்புற்ற என் மகள், வீட்டில் தம்பியிடம் சொல்வதுபோல், "டேய், கொஞ்சம் உட்காரேன்" என்றாள். ஷேரு திரும்பிப் பார்த்தது. "உட்கார்" என்றாள் மீண்டும். அது உட்கார்ந்தது. "வா" என்றாள், எழுந்து வந்தது. "போலாமா?" என்றதும் அதன் முழு உடலும் வாலோடு சேர்ந்து ஆடியது.

பிள்ளைகள் கைதட்டினார்கள். என்னால் கைதட்ட இயலவில்லை. காப்பக வாயிலில் ஒரு நாள் காலை, கழுத்துப்பட்டையோடு கட்டிவிடப்பட்டிருந்த நாய் அது. விட்டுச் சென்றவர்கள் எவர் என்று எவருக்கும் தெரியாது. அவர்கள் பேசிய மொழி எது என்பது மட்டும் அன்று எங்களுக்குத் தெரிந்தது. எங்களைப்போல் இடமாறுதலில் வந்து, இடமாறுதலில் சென்ற குடும்பமாக இருக்கலாம். குற்றம் சாட்ட நான் யார்? மூன்று ஆண்டுகளுக்கொரு முறை ஊர் மாறும் வாழ்க்கையில் நானும் இருக்கிறேன்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

அன்று வீடு திரும்பும் வழியில், "ஷேருவை நாமே வளர்க்கலாமே அப்பா" என்றாள் மகள். கடன் விண்ணப்பத்தை எவ்வாறு பரிசீலிப்போமோ அவ்வாறே இதையும் பரிசீலிப்போம் என்று அவளோடு அமர்ந்து கணக்கிட்டேன்.

நாயின் ஆயுள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள். உணவு, ஆண்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை அறுவை, உள்ளாட்சி உரிமம், ஊருக்குச் செல்லும்போது தங்கவைக்கும் செலவு எல்லாம் சேர்த்து மாதம் 3,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டாலும், 12 ஆண்டுகளில் 4,32,000 ரூபாய். முதுமையில் வரும் மருத்துவச் செலவு தனி. அன்றாடம் காலையும் மாலையும் அரைமணி நேரம் நடத்துவதென்றால் ஆண்டுக்கு 365 மணி நேரம். இந்தத் தவணையை இடையில் நிறுத்த வழியில்லை. முதிர்வுக்கு முன் கணக்கை முடித்துக்கொள்ளவும் இயலாது.

சட்டமும் இதையே சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாய்க்கு அதன் உரிமையாளர் தக்க நடைப்பயிற்சி அளிக்கத் தவறுவதையே குற்றமாகக் குறிப்பிடுகிறது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அதே பிரிவின்கீழ்க் குற்றம். மகாபாரதத்தின் இறுதியில், தன்னோடு நடந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகத் தேரில் ஏற மறுத்தான் தருமன். நம்மைப் போன்றோருக்கு அத்தேர் இடமாறுதல் ஆணையின் வடிவில் வருகிறது.

எங்கள் அடுத்த இடமாறுதலுக்கு ஓராண்டுகூட இல்லை. அடுத்த ஊரில் நாயை அனுமதிக்கும் வீடு கிடைக்குமா என்பதும் தெரியாது. ஆகவே ஷேருவை வீட்டுக்கு அழைத்து வரவில்லை. மகள் அழுதாள். ஆனால் கணக்கை அவளே மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். மறுவாரமும் காப்பகத்துக்குச் சென்றாள்.

நீங்களும் தொடங்கலாம்

நாய் வளர்க்க இயலாதவர்கள் நாயோடு நடக்க இயலும் என்பதே இத்திட்டம் எனக்குக் கற்பித்தது. வாடகை வீட்டில் வாழ்வோர், அடிக்கடி ஊர் மாறுவோர், ஓய்வுபெற்ற பின் பன்னிரண்டு ஆண்டுப் பொறுப்பை ஏற்கத் தயங்குவோர், 'நாய் வேண்டும்' என்று பிள்ளைகள் கேட்க விடைசொல்ல இயலாதோர் ஆகிய அனைவருக்கும் இது நடுவழி. உங்கள் ஊரில் உள்ள காப்பகத்தை அணுகித் தன்னார்வலர்களை ஏற்கிறார்களா என்று கேளுங்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டுள்ளதா, முதல் நடையில் துணைக்கு யார் வருவார் என்று விசாரியுங்கள். உங்கள் மருத்துவரிடம் தடுப்பூசி பற்றிக் கலந்து பேசுங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று உறுதி கூறுங்கள். கூறிய நாளில் தவறாமல் செல்லுங்கள். வருவதாகச் சொன்னவர் வராத நாளில், வாயிலைப் பார்த்தபடி ஓர் உயிர் காத்திருக்கும். அண்டை வீட்டில் வயது முதிர்ந்தவர் நாய் வளர்த்தால், அவருக்காக வாரம் ஒருநாள் அதை நடத்திச் செல்வதும் இத்தகைய தொண்டே. ஆறு மாதங்கள் இவ்வாறு நடந்த பின்னரும் மனம் மாறவில்லையெனில், அப்போது ஒரு நாயை வீட்டுக்கு அழைத்து வருவது பற்றி எண்ணலாம்.

ஜனவரியில் திட்டம் நிறைவுற்றது. குறிப்பேடு பள்ளியில் ஒப்படைக்கப்பட்டது. மகளின் ஞாயிறு நடை இன்னும் தொடர்கிறது, நானும் செல்கிறேன். சாலையில் எதிரே நாய் வந்தால், அதன் காதுகளையும் வாலையும் முதலில் பார்க்கிறேன். மறுபுறம் செல்ல வேண்டுமா என்பதை அதன் பிறகே முடிவு செய்கிறேன்.

வங்கியில் ஓர் அலுவலர் மாறிச் செல்லும்போது, அடுத்து வருபவருக்குப் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைப்பது மரபு. அதை எவரும் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனினும் சென்ற மாதம் ஷேருவின் கூண்டில் ஓர் அட்டை தொங்கக் கண்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து புதிதாக வந்துள்ள மராட்டிப் பிள்ளைகள் படிப்பதற்காக, தேவநாகரி எழுத்தில் மூன்று தமிழ்ச் சொற்களை அவள் எழுதியிருந்தாள்: உட்கார், வா, போலாமா.